நாட்காட்டியில் இருந்த பென்சில் புள்ளிகள்

2020 ஜனவரியில், பாடசாலை தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மனைவி வரவேற்பறைத் தரையில் அமர்ந்து மகளின் அப்பியாசக் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். பழைய நாட்காட்டித் தாள்கள் தடிப்பாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் அவைதான் உறையாகும். அன்று அவள் கையில் இருந்தது செட்டியார் தெரு நகைக்கடை ஒன்று தந்த 2019 ஆம் ஆண்டு நாட்காட்டி. மே மாதத் தாளை மடிக்கப் போனவள் நிறுத்திவிட்டு, சில திகதிகளின் வலது கீழ் மூலையில் பென்சிலால் இடப்பட்டிருந்த சிறு புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்னப்பா, காஸ் சிலிண்டர் மாத்தின நாளோ?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த மாதத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. எந்த வீட்டிலும் ஒரே மாதத்தில் மூன்று சிலிண்டர் தீர்வதில்லை. நான் பதிலுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் மற்றத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். ஓகஸ்டில் ஒரு புள்ளியும் இல்லை. அந்த மாதம் முழுவதும் அவள் நல்லூர்த் திருவிழாவுக்காகப் பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அதைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: அவை நாங்கள் உடலுறவு கொண்ட நாட்கள்.

"நான் என்ன உங்கட கணக்குக் கொப்பியோ?" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை, ஏனென்றால் அடுத்த அறையில் என் தாயார் இருந்தார். பிறகு மே மாதத் தாளைப் புள்ளிகள் உட்பக்கம் போகும்படி மடித்து, மகளின் சுற்றாடல் கொப்பிக்கு உறையாகப் போட்டு, பெயர்ச்சீட்டையும் ஒட்டினாள். அந்த ஆண்டு முழுவதும் என் புள்ளிகள் மகளின் புத்தகப்பைக்குள் பாடசாலைக்குப் போய் வந்தன.

இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். வாசித்துவிட்டு இரண்டு பந்திகளை வெட்டினாள். எஞ்சியதைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்பவன். எங்களுக்கு 2009 இல் பம்பலப்பிட்டியில் கலியாணம் நடந்தது. மகள் 2011 இலும் மகன் 2015 இலும் பிறந்தார்கள். வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு அருகே, நாலாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுக்க, இந்தப் பக்கம் நாங்கள் படுத்தோம்.

புள்ளி வைக்கத் தொடங்கியது 2018 இல். எனக்கு அநியாயம் நடக்கிறது என்று நான் நம்பினேன். அநியாயத்தை நிரூபிக்க வேண்டுமானால் பதிவு வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பழக்கம். வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு குறைவு என்று காட்டலாம் என்று எண்ணியிருந்தேன். யாருக்குக் காட்டுவது என்று யோசிக்கவில்லை. ஒரு கணவனும் மனைவியும் சந்தோசமாக இருக்கிறார்களா என்பதற்கு அந்த எண்ணிக்கையே அளவுகோல் என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நண்பர்களின் பகிடிகளில் இருந்து வந்திருக்கலாம்.

அந்தப் பதிவில் ஏறாதவற்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும். என் மனைவி ஒருபோதும் நேரடியாக "வேண்டாம்" என்று சொன்னதில்லை. அவள் குசினியில் நின்று, ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவுவாள். அடுத்த நாள் இடியப்பத்துக்கு மாவை அன்றிரவே அரிப்பாள். நான் நித்திரையாகிவிட்டேன் என்று குறட்டையால் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கட்டிலுக்கு வருவாள். எப்போதாவது நான் விழித்திருந்து கையை நீட்டி, அவள் தலையிடி என்று சொல்லிவிட்டால், நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். அடுத்த நாள் காலையில் அவள் வைத்த தேநீர் மேசையிலேயே ஆறும். மின்சாரக் கட்டணம், பிள்ளையின் வான் காசு போன்ற அவசியமான விடயங்களை மாத்திரம் பேசுவேன். இந்த நிலை சில வேளைகளில் இரண்டு நாட்கள் நீடிக்கும். நான் கோபப்படுவதில்லை, கையோங்குவதில்லை, ஆகவே நல்ல கணவன் என்றே என்னைப் பற்றி எண்ணியிருந்தேன்.

ஊடலை மருதத்திணைக்கு உரிப்பொருளாக வைத்த மரபு எங்களுடையது; ஊடலுக்குப் பின் கூடல் இனிக்கும் என்று நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். நான் செய்தது ஊடல் அன்று. ஊடலில் மற்றவர் வந்து சமாதானம் செய்வார் என்ற நம்பிக்கை இருக்கும். என்னுடையது தண்டனை.

அதன் விளைவு படுக்கையறையோடு நிற்கவில்லை. அவளுடைய தோளில் நான் கை வைத்தால் அதை அவள் கோரிக்கையாகவே கொண்டாள், ஏனென்றால் அந்தக் கையைக் கோரிக்கை இல்லாமல் நான் வைத்து வருடக்கணக்காகிவிட்டது. ஆகவே அவள் தோளை நகர்த்திக்கொள்ளப் பழகினாள். தொலைக்காட்சி பார்க்கும்போது எங்களுக்கு நடுவில் மகன் இருந்தான். மகன் இல்லாதபோது தலையணை இருந்தது. பேருந்தில் ஒரே இருக்கையில் அமர்ந்தால்கூட அவளுடைய கைப்பை எங்களுக்கிடையே வந்துவிடும். உடலுறவு குறைந்ததால் நாங்கள் விலகிப்போனோம் என்றே நான் கணக்கு வைத்திருந்தேன். உண்மையில் சாதாரணமான தொடுகை முதலில் செத்தது. மற்றது அதன் பின்னால் போனது.

புள்ளிகள் பிடிபட்ட பிறகு இரண்டு மாதங்களில் ஊரடங்கு வந்தது. 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய ஊரடங்கு கொழும்பில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடித்தது. ஐந்து பேர் ஒரு சிறிய வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். புள்ளிகளைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அடுத்த ஆண்டு மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பெரும் பேய் வீட்டுக்குள் குடிபுகுந்தது. பிற்போடப்பட்டு 2022 ஜனவரியில் நடந்த அந்தப் பரீட்சை முடியும்வரை என் மனைவி தாய் என்ற பதவியை விட்டு ஒரு மணிநேரமும் இறங்கவில்லை.

இதற்கிடையில், 2021 இல், என் உடலே என்னைக் கைவிட்டது. அபூர்வமாக அமைந்த இரண்டு மூன்று சந்தர்ப்பங்களில் ஆணுறுப்பு விறைக்கவில்லை. நான் வெட்கத்தில் அதை மறைத்தேன். இப்போது பிந்திப் படுக்கைக்கு வருவது என் முறையாயிற்று. நான் மறைத்ததை அவள் தன் போக்கில் விளங்கிக்கொண்டாள்: புள்ளி விவகாரத்துக்காகப் பழிவாங்குகிறேன், அல்லது வேறு யாரோ இருக்கிறார்கள். நான் முதலில் பார்த்த வைத்தியர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், வயது போனால் இப்படித்தான், மனதை லேசாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அப்போது 41 வயது. அவர் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு, ஏனென்றால் ஏழு மாதங்கள் கழித்து, அலுவலக மருத்துவப் பரிசோதனையில், வெறும்வயிற்றுச் சீனி 148 என்று வந்தது. 126 ஐத் தொட்டாலே, மறுபரிசோதனையிலும் அப்படி இருந்தால், அது நீரிழிவு.

இந்த விடயத்தில் ஆண்கள் வெட்கத்தை ஒதுக்கிவைத்துக் கேட்க வேண்டும். ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமானவை. இருதயத்தின் முடியுரு நாடிகள் 3 முதல் 4 மில்லிமீற்றர். கொழுப்புப் படிவோ நாடிச் சுவரின் கேடோ உடலெங்கும் பரவும்போது சிறிய குழாய்தான் முதலில் தகராறு செய்யும். விறைப்புக் குறைபாடு இருதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடிய எச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். சீனி, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றையும் பார்க்காமல் மாத்திரை வாங்க ஓடுவது முட்டாள்தனம். இருதய வலிக்கு நைத்திரேற்று மருந்து எடுப்பவர் விறைப்புக்கான மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் நாட்டத்தையும் விறைப்பையும் குறைப்பதும் உண்டு. அதற்காக அவற்றைத் தானாக நிறுத்தக்கூடாது. வைத்தியரிடம் வாய்திறந்து சொன்னால் மாற்றித் தருவார்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. எங்கள் தொடர்மாடியில் அப்போது ஜெனரேற்றர் இல்லை. லிப்ட் நின்றது, தண்ணீர்ப் பம்பும் நின்றது. நான் கீழ்த்தளக் குழாயில் இருந்து நாலாம் மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். இரவில் அறைக்குள் புழுக்கம் தாங்காமல் அம்மாவும் பிள்ளைகளும் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுக்க, நாங்கள் இருவரும் பல்கனியில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். காலி வீதி முழுவதும் இருட்டு. கைத்தொலைபேசியில் மின்சாரம் இல்லை, குசினியில் கழுவுவதற்குத் தண்ணீர் இல்லை, ஆகவே அவளுக்குத் தப்பி ஓடுவதற்கு வேலையும் இல்லை. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாத அந்த இருட்டில்தான் நான் சீனியைப் பற்றியும் மற்றதைப் பற்றியும் சொன்னேன்.

அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் எத்தினை இரவு அழாமல் இருந்திருப்பன்" என்றாள்.

அதற்குப் பின் அவள் சொன்னதுதான் என் கணக்கை உடைத்தது. "வேண்டாம் எண்டு சொன்னா அடுத்த நாள் நீங்கள் முகம் தர மாட்டியள். அதுக்குப் பயந்து ஓம் எண்ட நாட்களும் இருக்கு. அதுகளுக்கும் நீங்கள் புள்ளி போட்டுத்தானே இருக்கிறியள்?"

போட்டிருந்தேன். எந்தப் புள்ளி விருப்பத்தினால் வந்தது, எந்தப் புள்ளி நாளைக்கு வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மே மாதத்து மூன்றில் எத்தனை எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில், 1995 இல் திருத்தப்பட்ட 363 ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தால் பிரிந்து வாழ அனுமதிக்கப்பட்ட மனைவி தவிர்ந்த மற்ற மனைவிமாரின் விருப்பமின்மையை வன்புணர்வுக் குற்றத்தின் வரைவிலக்கணம் கணக்கில் எடுப்பதில்லை. சட்டம் கேட்காத கேள்வியை வீட்டில் நாங்களாகவேனும் கேட்க வேண்டியிருக்கிறது. பயமுறுத்தலும் அடியும் உள்ள வீடுகளுக்கு நான் இங்கே எழுதும் எந்த யோசனையும் பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு, அதற்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது.

அன்றிரவு இன்னொன்றும் வெளியே வந்தது. 2015 இல் மகன் பிறந்து பால் கொடுத்த காலத்தில் உடலுறவு அவளுக்கு எரிச்சலும் வலியுமாக இருந்திருக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரொலக்ரின் உயர்ந்திருக்கும்போது ஈஸ்திரஜன் தாழ்ந்துவிடும், யோனி வறண்டுபோகும், இது மாதவிடாய் நின்ற பின்னரும் நடப்பதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த வழுக்கு ஜெல் ஒன்று போதியதாக இருந்திருக்கும். நாங்கள் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறவர்கள் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் தொடக்கூடாது, அது லேற்றெக்சை நலிவடையச் செய்து கிழிக்கும். அவள் என்னிடம் வலியைச் சொல்லவில்லை. நான் அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, மூன்று வருடம் பொறுத்து, பென்சிலை எடுத்திருக்கிறேன்.

மின்சாரம் திரும்பிய மாதங்களில் நான் ஆராய்ச்சிகளை வாசிக்கத் தொடங்கினேன். கணக்காய்வாளனை இலக்கங்களில் இருந்து பிரிப்பது கடினம். முதலில் கண்ணில் பட்டது, கனடாவில் ஏமி மியூஸும் கூட்டாளிகளும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 30,000 இற்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தரவுகளை வைத்து, துணையோடு வாழ்பவர்களில் உடலுறவின் எண்ணிக்கை கூடக்கூட நல்வாழ்வுணர்வும் கூடுகிறது, ஆனால் வாரத்துக்கு ஒரு முறை என்ற அளவுக்கு மேல் அது கூடுவதில்லை என்று கண்டிருந்தார்கள். நான் செய்த மடைத்தனத்தை மறைக்கவில்லை: அதைச் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வாரத்துக்கு ஒன்று என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்றேன். "அப்ப இனி நாட்காட்டி வேண்டாம், ரைம் டேபிள் போடுவம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அவளுடைய பக்கத்தைப் பேசும் ஆய்வு அதே ஆண்டிலேயே வந்திருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் குழுவினர் 64 தம்பதியரை எடுத்து, பாதிப்பேரிடம் உடலுறவை இரட்டிப்பாக்கும்படி கேட்டார்கள். மற்றவர்களுக்கு எந்தக் கட்டளையும் இல்லை. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, கட்டளை பெற்றவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, சந்தோசம் கூடவில்லை. சற்றுக் குறைந்தே இருந்தது. நாட்டமும் அனுபவித்தலும்கூடக் குறைந்திருந்தன. கட்டளைக்குச் செய்தது வேலையாகிவிட்டது போலும்.

நான் தேடிய கேள்விக்கு மிக நெருங்கி வந்தது ஜேம்ஸ் மெக்னல்டியும் கூட்டாளிகளும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு. புதிதாகக் கலியாணம் முடித்த 207 தம்பதியரை முதல் நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் கேட்டார்கள். ஒரு தவணையில் கலியாண வாழ்வில் திருப்தியாக இருந்தவர்கள் அடுத்த தவணையில் பாலியல் நிறைவும் கூடியவர்களாக இருந்தார்கள். முதல் தவணையில் பாலியல் நிறைவு இருந்தவர்கள் அடுத்ததில் கலியாணத்தில் திருப்தி கூடியவர்களாக இருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டின. பாலியல் நிறைவு எண்ணிக்கையையும், எண்ணிக்கை பாலியல் நிறைவையும் ஊட்டின. ஆனால் அந்த நிறைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எண்ணிக்கைக்கும் கலியாணத் திருப்திக்கும் நேரடிப் பாதை இருக்கவில்லை. என் புள்ளிகளுக்கு எழுதப்பட்ட கணக்காய்வு அறிக்கைபோல அது எனக்குப் பட்டது. நான் பதிந்தது எண்ணிக்கையை. நடுவில் இருந்த நிறைவை இரண்டு பேரில் ஒருவரிடமும், என்னிடம்கூட, நான் கேட்டதில்லை.

2022 இறுதியில் ஓர் உளவளத்துணையாளரிடம் போனோம். தமிழில் பேசக்கூடிய, எங்கள் உறவுக்காரர் எவருக்கும் தெரியாத ஒரு பெண்மணி. கொழும்புத் தமிழ்ச் சமூகத்தில் இரண்டாவது நிபந்தனைதான் கடினமானது. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, 1953 இல் இருந்து இயங்கிவரும் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் கொழும்பு 7, புல்லர்ஸ் ஒழுங்கையில் இருக்கிறது. தொடங்குவதற்கு அது நல்ல வாசல்.

அந்த உளவளத்துணையாளர் முதல் நாளே சொன்னது என் மனைவிக்கு மிகவும் உதவியது. பசி எடுத்த பிறகுதான் உண்ணப் போக வேண்டும் என்பது போல, நாட்டம் தானாக எழுந்த பிறகுதான் நெருங்க வேண்டும் என்று அவள் எண்ணியிருந்தாள். அது எழாததால் தன்னில் ஏதோ பழுது என்று நம்பியிருந்தாள். வன்கூவரைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000 ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கத்தின்படி, நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு நாட்டம் முதலில் வருவதில்லை. நெருக்கமாக இருக்கலாம் என்ற சம்மதமும் இதமான தொடுகையும் முதலில் வந்து, உடல் கிளர்ந்த பிறகு நாட்டம் வருகிறது. இதை ஆண்கள் "தொடங்கினால் சரியாகிவிடும்" என்று திரித்துக்கொள்ளக்கூடாது என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அப்படித்தான் திரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் வீட்டில் எவையெல்லாம் தடுப்புக்கட்டையாக நிற்கின்றன என்று எழுதச் சொன்னார். கிளர்ச்சியைக் கூட்டும் விசையும் தடுக்கும் விசையும் தனித்தனியானவை என்பது இத்துறையில் பான்குரொஃப்ட், ஜான்சென் என்ற இருவர் உருவாக்கிய கோட்பாடு; பலருக்கு விசையை அழுத்துவதைவிடத் தடையில் இருந்து காலை எடுப்பதே பலன் தரும் என்றார். என் தாளில் இரண்டு வரிகள் இருந்தன; அவளுடையதில் பதினான்கு. அம்மாவின் இருமல், மகன் கதவைத் தட்டாமல் வருவது, கர்ப்பம் தரித்துவிடுமோ என்ற பயம், அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கறி, என் வாயில் வெங்காய மணம் என்று போன பட்டியலில், முதலாவதாக அவள் எழுதியிருந்தது: கட்டில் சத்தம்.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இத்தனை ஆராய்ச்சிகளையும்விட அது எங்களுக்கு அதிகம் செய்தது. மரைன் டிரைவின் உப்புக்காற்று யன்னல் கம்பியில் இருந்து கரண்டிவரை எல்லாவற்றையும் தின்னும். கட்டிலின் நான்கு மூலைகளிலும் இருந்த ஆணிகளும் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தன. யாராவது திரும்பிப் படுத்தாலே முனகும். ஒரு சனிக்கிழமை, மெத்தையை நிமிர்த்திவைத்து, துருவேறிய ஆணிகளைக் கழற்றி, புறக்கோட்டையில் வாங்கிய துருப்பிடிக்காத ஆணிகளைப் பூட்டினேன். மனைவி பழைய பாட்டாச் செருப்பு ஒன்றை எடுத்து வந்து, கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டி, மரமும் மரமும் முட்டும் இடங்களில் செருகினாள். கட்டில் சட்டகப் பலகைகளுக்குக் கீழே மெழுகுதிரியைத் தேய்த்தாள். முடிந்ததும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து ஆட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. அவள் சிரித்தாள். பிறகு அம்மாவின் சுவரோடு ஒட்டியிருந்த கட்டிலை யன்னல் பக்கமாக இழுத்துவிட்டு, கதவுக்கு ஒரு கொண்டி போட்டோம். பதின்மூன்று வருடக் கலியாண வாழ்வில் அறைக்கதவுக்குக் கொண்டி போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. மாமி என்ன நினைப்பாரோ என்று அவளும், அம்மா என்ன நினைப்பாரோ என்று நானும் இருந்திருக்கிறோம். அம்மா ஒன்றும் நினைக்கவில்லை. அவரும் கலியாணம் முடித்தவர்தான்.

அதன் பிறகு வந்தது பயிற்சி. மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1970 இல் வெளியிட்ட முறை அது. மூன்று வாரங்களுக்கு உடலுறவுக்கு முற்றான தடை. வாரத்தில் இரண்டு தடவை, ஆளுக்கு 15 அல்லது 20 நிமிடம், ஒருவர் தொட மற்றவர் பெற வேண்டும். முதற்கட்டத்தில் மார்பும் பாலுறுப்புகளும் விலக்கு. மற்றவரைக் கிளர்ச்சியடையச் செய்வது நோக்கம் அன்று. தொடுகிற தோலின் சூடு, மென்மை, சொரசொரப்பு ஆகியவற்றைக் கவனிப்பதே வேலை. பிள்ளைகள் ரியூசனிலும் அம்மா தெஹிவளையில் சின்னம்மா வீட்டிலும் இருக்கும் சனிக்கிழமைப் பின்னேரமும், வியாழன் இரவும் எங்கள் நேரங்கள். முதல் நாள் பெரிய கூச்சம். நான் மணிக்கூட்டைப் பார்த்ததை அவள் கண்டுவிட்டாள். இரண்டாம் வாரத்தில், அவளுடைய இடது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு தழும்பு இருப்பதைக் கண்டு கேட்டேன். 1990 களில் இடம்பெயர்ந்த காலத்தில் முள்ளுக்கம்பி கிழித்தது என்றாள். அதை நான் அதுவரை கண்டதில்லை.

தடை இருந்ததால் என் கைக்குப் பின்னால் கோரிக்கை இருக்க முடியாது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கும் விறைக்குமா, விறைக்காதா என்ற பரீட்சை இல்லாமற்போனது. மூன்றாம் வாரத்தில் தடையை மீறலாமா என்று கேட்டவள் அவள்தான். கேட்டாள் என்பதை வெட்டாமல் விட்டிருக்கிறாள், ஆகவே எழுதுகிறேன்.

எல்லாம் நேராகிவிடவில்லை. இடையில் நான் இன்னொரு தவறு செய்தேன். வீட்டு வேலைகளை மனைவியோடு பகிர்ந்தால் படுக்கையில் நெருக்கம் கூடும் என்று எங்கோ கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். பத்து நாட்கள் கழுவினேன். பதினோராம் நாள் எதிர்பார்ப்போடு அவளைப் பார்த்தேன். பழைய பென்சிலை இப்போது குசினித் தொட்டியில் வைத்துப் பாவிக்கிறேன் என்பதை அவள் என் பார்வையிலேயே பிடித்துவிட்டாள். கோப்பைகள் இன்றும் என் பொறுப்புத்தான். அவை அழுக்காக இருப்பதால் கழுவுகிறேன்.

பேசும் நேரத்தையும் மாற்றினோம். படுக்கையில் படுத்தபடி படுக்கையைப் பற்றிக் கதைத்தால் யாராவது ஒருவருக்கு அது குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. ஆகவே மாலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது, இருவரும் கடலைப் பார்த்தபடி, முகம் பாராமல் கதைப்போம். எனக்குப் பிடித்ததை நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்று சொல்ல வேண்டும். குறை சொல்வதானால் அதே மூச்சில் என்ன வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். என் சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது, நடையும் அதற்கு மருந்து. சில மாதங்களில் நாங்கள் நெருங்குவது மிகக் குறைவு. ஆண்டிறுதிக் கணக்கு மூடும் காலத்தில் நான் பிணம்போலத்தான் வீடு திரும்புவேன். எத்தனை தடவை என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு உண்மையாகவே தெரியாது.

"வேண்டாம்" என்ற சொல்லைப் பழகியதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அவள் சொல்வதற்குப் பழக வேண்டியிருந்தது, நான் கேட்பதற்கு. உளவளத்துணையாளரின் யோசனைப்படி, வேண்டாம் என்பவர் அதோடு வேறு ஏதாவது ஒன்றைத் தருவார் அல்லது கேட்பார். கேட்டவர் அடுத்த நாள் தேநீரைச் சூடாகவே குடித்தாக வேண்டும். முதல் தடவை அவள் அப்படிச் சொன்னபோது, எனக்குள் பழைய மனிதன் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். கட்டில் சுவரை விட்டு நகர்ந்துவிட்டபடியால் திரும்பினால் யன்னல்தான் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை இரவு நான் அவள் கையைப் பிடித்தேன். "இண்டைக்கு ஏலாதப்பா. காலைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ" என்றாள். அவள் யோசிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் எழுந்து கால்மாட்டில் இருந்து, பெருவிரலால் அவளுடைய உள்ளங்காலை அழுத்திவிட்டேன். "உமக்கு இந்தக் குதிக்கால் வெடிப்புக்கு ஏதாவது பூச வேணும்" என்றேன். பதில் வரவில்லை. கீழே கடற்கரைப் பாதையில் பாணந்துறைப் பக்கமாக ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கடந்து முடிவதற்குள் அவள் நித்திரையாகிவிட்டாள்.